அண்ணியின் விரலும் கமென்ட்ரி சாரின் தொண்டையும்

என் அண்ணியைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருக்க முடியும். அண்ணனுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அண்ணிக்குத் தன்னைப் பற்றிப் பேச நேரம் கிடையாது. மிச்சம் இருப்பது நாத்தனார் நான் ஒருத்திதான். நாத்தனார் பேனாவை எடுத்தால் குற்றம் கண்டுபிடிக்கத்தான் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு குற்றத்தையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அவளேதான்!

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம். அண்ணி ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். நான் ரெக்கவரி அறையில் நர்ஸ். அவள் தூங்க வைக்கிற பக்கம், நான் எழுப்புகிற பக்கம். பத்தொன்பது வயதில் இதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பச்சைத் துணி மடிக்கிற வேலைக்கு வந்தவள் அவள். மடித்த துணியைத் தியேட்டர் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தக் கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவளுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்ததாம். மடிக்கிற வேலையை விடாமலே இரண்டு வருடம் படித்தாள். சலவை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணனை அந்த இரண்டு வருடத்துக்குள்ளேயே கல்யாணமும் செய்துகொண்டாள். எதையும் ஒன்றொன்றாகச் செய்கிற பொறுமை அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கதை புரியாது. முழு மயக்கம் கொடுத்தால் ஆளுக்குத் தானாக மூச்சு விட முடியாது. அதனால் வாய் வழியாக ஒரு குழாயை மூச்சுக்குழலுக்குள் செருகி, அதன் வழியாக மெஷின் மூச்சுக் கொடுக்கும். அந்தக் குழாயின் நுனியைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருக்கும். உள்ளே போனதும் சிரிஞ்சால் காற்றடித்து அதை உப்ப வைக்க வேண்டும். அப்போதுதான் காற்று பக்கவாட்டில் ஒழுகாது, எச்சிலும் நுரையீரலுக்குள் இறங்காது. உள்ளே இருக்கிற பலூனை யாரும் பார்க்க முடியாது. ஆனால் அதோடு மெல்லிய குழலால் சேர்ந்த ஒரு குட்டி பலூன் வெளியே கன்னத்தோரம் தொங்கும். இது எவ்வளவு கெட்டியோ அதுவும் அவ்வளவு கெட்டி. இந்தக் குட்டி பலூனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பார்த்து, காற்று போதுமா என்று சொல்வது அண்ணியின் வேலை.

அதில் அவள் ராணி! பதினேழு வருடம். அவள் பெயரை மறந்துபோனவர்கள்கூட உண்டு, பலூன் அக்கா என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம். "மூக்கு நுனியைத் தொட்டுப் பாரு. இப்படி இருக்கணும். நெத்தி மாதிரி ஆச்சுன்னா காத்து ஜாஸ்தி." ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், அண்ணிக்கு ஒரு அழுத்து பதம். வீட்டிலும் அதே கதை. பப்பாளியை அழுத்துவாள், தலையணையை அழுத்துவாள், அண்ணன் இப்போது ஓட்டுகிற பள்ளிக்கூட வேனின் டயரைக்கூட அழுத்திப் பார்த்து "போதும், கிளம்புங்க" என்பாள். அண்ணன் பாக்கெட்டிலிருந்து டயர் மீட்டரை எடுத்து ஒரு தடவை வைத்துப் பார்ப்பான். அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இப்படி இருந்தவளுடைய வாழ்க்கையில்தான் கமென்ட்ரி சார் வந்து சேர்ந்தார்.

ஊரில் கால்பந்து பார்க்கிற யாருக்கும் அவரைத் தெரியும், முகத்தை அல்ல, குரலை. பகலில் தண்ணீர் வாரிய ஆபீஸில் குமாஸ்தா. மேட்ச் நடக்கிற நாளில் மைதானத்து மைக் அவர் கையில். இருபத்திரண்டு வருடமாக அவர் "போட்டான்!" என்று கத்தினால்தான் அது கோல். என் அண்ணன் மைதானத்துக்குள்ளே போகாமல் வெளியே வேனில் உட்கார்ந்துகொண்டே மேட்சைக் 'கேட்டு'விட்டு வருவான். அப்படிப்பட்ட குரல்.

அந்த வாரம் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை அறையில் எனக்கு டியூட்டி. கமென்ட்ரி சாரும் அவருடைய மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். எதிரே மயக்க டாக்டரம்மா. வாய் திறப்பு, கழுத்து அசைவு எல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்ள அண்ணி பக்கத்தில் நின்றிருந்தாள். பித்தப்பையில் கல். மூன்று தடவை வலி வந்து மனிதர் சுருண்டு போயிருக்கிறார்.

"குழாய் போடறதா இருந்தா எனக்கு ஆபரேஷனே வேணாம் டாக்டர்," என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"குழாய் இல்லாம இந்த ஆபரேஷன் பண்ண முடியாது சார். தள்ளிப்போட்டா பித்தப்பை அழுகிப் போகலாம். உயிருக்கே ஆபத்து."

"கல்லு பாட்டுக்கு வயித்துல இருக்கட்டும். நான் வயித்தாலயா பேசறேன்?"

"வலி வந்தா வயித்தாலதான் கத்தறாரு," என்றார் அவர் மனைவி எங்களைப் பார்த்து. "சோறு தண்ணி ஒழுங்கா இறங்கி மூணு மாசம் ஆச்சு டாக்டர். ராத்திரி முழுக்க முழங்காலை மடக்கிக்கிட்டுக் கெடக்கறாரு. பயமா இருக்கு."

கமென்ட்ரி சார் மனைவியின் கையை ஒதுக்கிவிட்டு எங்களுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னால் எல்லாமே மேட்ச்தான், அறை வாசலில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன். அது நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கண் விழித்ததும் தொண்டையில் கண்ணாடித் தூளை விழுங்கின மாதிரி வலி. எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர். வாயைத் திறந்தால் வெறும் காற்று. பதினோரு நாள்! அந்தப் பதினோரு நாளுக்குள் இறுதிப் போட்டி வந்து போய்விட்டது. அவருக்குப் பதிலாக மைக் பிடித்தவன் கோல் விழுந்த அவசரத்தில் தோற்ற அணிக்கு வாழ்த்துச் சொல்லி, மைதானத்தில் செருப்பு பறந்ததாம்.

"தண்ணி வாரியத்துல என்னை மாதிரி நாப்பது பேர் இருக்கோம். மைக்குக்கு நான் ஒருத்தன்தான். அந்த ஒண்ணையும் எடுத்துட்டீங்கன்னா அப்புறம் நான் யாரு டாக்டர்?"

கிண்டல் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வடிந்துபோனது.

அண்ணி மட்டும் கேட்டாள்: "எந்தத் தேதி சார் அந்த ஆபரேஷன்?"

இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் முன்னால் என்பதால் அவருக்குத் தேதி மனப்பாடம். அண்ணி அதைக் கையில் எழுதிக்கொண்டாள். மத்தியான இடைவேளையில் சாப்பிட வராமல் பழைய கோப்புகள் இருக்கிற அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன், அவள் முகம் சரியில்லை. தூசி தட்டி எடுத்த கோப்பில் மயக்கக் குறிப்புத் தாள் இருந்தது. அதில் அண்ணியின் குண்டு குண்டான கையெழுத்து: 'எட்டாம் நம்பர் குழாய். ஒரே முயற்சியில் போடப்பட்டது. பலூன் – விரலுக்குச் சரி.' கீழே அவளுடைய சுருக்கொப்பம்.

"அண்ணி, விடுங்க. தொண்டை வலிக்கு எவ்வளவோ காரணம் இருக்கு," என்றேன்.

டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். "குழாய் பெரிசா இருந்திருக்கலாம், எடுக்கறப்ப இருமியிருக்கலாம், உறிஞ்சற குழாய் உரசியிருக்கலாம். உங்க பலூன்தான் காரணம்னு யாரும் சொல்ல முடியாது."

"இல்லன்னும் சொல்ல முடியாதே டாக்டர்," என்றாள் அண்ணி.

பலூனுக்கென்றே ஒரு அழுத்த மீட்டர் உண்டு. கையடக்கமான வட்ட முகம், ஒரு முள், நடுவில் பச்சைக் கோடு. இருபதிலிருந்து முப்பதுக்குள் முள் நின்றால் சரி. அது எங்கள் தியேட்டருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மூன்றாவது தட்டில் முகமூடிப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒட்டின டேப் பிரிக்கப்படாமல் இருந்தது. எங்களுக்கு எதற்கு மீட்டர்? எங்களிடம்தான் பலூன் அக்காவின் விரல் இருக்கிறதே! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் அலையக்கூட இல்லை, அவ்வளவு திருப்தி.

அண்ணி டேப்பைக் கிழித்தாள். பயிற்சிக்கு வைத்திருக்கிற ரப்பர் பொம்மையின் தொண்டையில் ஒரு குழாயைப் போட்டாள். டீ நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க. காத்தடிச்சு, விரலால பார்த்து, சரின்னு தோணுறப்ப நிறுத்துங்க. அப்புறம் முள்ளைப் பாக்கலாம்."

அடடா, அந்த அரை மணி நேரம்! டீ ஆறிப்போனது யாருக்கும் தெரியவில்லை. முதலில் ஒரு இளம் டாக்டர் வந்தார், சட்டைக்கையை மடித்துக்கொண்டு. அழுத்தினார், தலையாட்டினார். முள் ஐம்பத்தைந்து! அடுத்தவர் நாற்பத்தெட்டு. தியேட்டர் நர்ஸ், "நான் கம்மியாத்தான் அடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே எழுபதில் போய் நின்றாள். கைதட்டல், ஊளை, சிரிப்பு. கடைசியில் டாக்டரம்மாவே வந்தார். எண்பத்திரண்டு! "மீட்டர் கெட்டுப் போயிருக்கும்," என்றார். இன்னொரு மீட்டரை மேல் மாடித் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து கடன் வாங்கி வந்து வைத்தோம். எண்பத்து மூன்று. டாக்டரம்மா தானே முதலில் சிரித்துவிட்டார்.

"பலூன் அக்கா! பலூன் அக்கா!" என்று எல்லாரும் கத்த ஆரம்பித்தார்கள். மானத்தைக் காப்பாற்ற அவள் ஒருத்திதான் பாக்கி. அண்ணி சிரிஞ்சை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் காற்று, ஒரு அழுத்து. இன்னும் கொஞ்சம், இன்னொரு அழுத்து. "இதுதான்," என்றாள்.

முள் அறுபத்தெட்டில் நின்றது.

மூச்சுக்குழலின் உட்சுவரில் மயிரிழை மாதிரி ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, முப்பதுக்கு மேலே அழுத்தினால் அவற்றில் ரத்தம் நிற்க ஆரம்பிக்கும், மணிக்கணக்கில் அழுத்தினால் அந்த இடம் புண்ணாகி வீங்கும் என்பதெல்லாம் அங்கே இருந்த எல்லாருக்கும் பாடமாகத் தெரியும். பரீட்சையில் எழுதிப் பாஸும் பண்ணியிருக்கிறோம். விரல் சரி என்று சொன்னதால் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணி சாப்பிடவில்லை. தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நாளைக்கு அஞ்சு பேரு. பதினேழு வருஷம். எத்தனை தொண்டைடி!"

"யானைக்கும் அடி சறுக்கும் அண்ணி."

"யானைக்கு ஒரு தடவை சறுக்கும். எனக்குத் தினம் அஞ்சு தடவை சறுக்கியிருக்கு. ஒருத்தர்கூட வந்து சொல்லலையே!"

அதுதான் விஷயம். வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கும்போது தொண்டை வலியைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? ஆபரேஷன் என்றால் இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்களும் கேட்டது கிடையாது. அப்போது பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அண்ணன் வாயைத் திறந்தான். அந்த வாரத்தில் அவன் பேசின நீளமான பேச்சு அது.

"டயருக்கே மீட்டர் வெச்சுத்தான் பாக்கறேன். மனுஷனுக்கு வெச்சா என்ன கொறைஞ்சா போயிடும்?"

அண்ணி எழுந்தாள். தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து தியேட்டரே தலைகீழ். மீட்டர் வைக்காமல் எந்தப் பலூனும் உப்பக்கூடாது என்று அண்ணி அடம்பிடித்தாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவளைத் திட்டினவர்களும் உண்டு. எண்பத்து மூன்று வாங்கின டாக்டரம்மா மட்டும் முதல் நாளே கட்சி மாறிவிட்டார். எனக்கும் ஒரு வேலை வந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் மறுநாள் காலையில் வார்டுக்குப் போய், "தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். முந்தின வாரம் ஆபரேஷன் ஆகி இன்னும் வார்டில் இருந்தவர்களிடம் முதலில் கேட்டேன். பத்தில் ஆறு பேர் தொண்டையைப் பிடித்துக் காட்டினார்கள். மீட்டர் வந்த பிறகு கேட்டால் பத்தில் இரண்டு, சில நாள் ஒன்று. நான் அதை மாடிப்படியிலேயே ஓடிவந்து சொல்வேன், அண்ணி முகமூடிக்குள்ளே சிரிப்பது கண்ணில் தெரியும்.

ஆனால் கமென்ட்ரி சார் வரவில்லை. நான்காவது தடவை வலி வந்து அவசரப் பிரிவில் ஊசி போட்டுக்கொண்டு போயிருக்கிறார், அப்போதும் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்கே கிளம்பினாள். போகிற வழியில் பேருந்தில் சொன்னாள்: "அந்தக் காத்தை அடிச்சது நான்தான்னு இன்னைக்கே சொல்லிடப் போறேன்."

"சொன்னீங்கன்னா அந்த மனுஷன் சுவரேறிக் குதிச்சு ஓடிடுவாரு. பித்தப்பை வெடிச்சா அந்தப் பாவமும் உங்களுக்குத்தான்," என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மைக் அறை என்பது படிக்கட்டுகளுக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு பெட்டி. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, கிளிசரின் மிட்டாய் டப்பா, வியர்வை வாடை. மேட்ச் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. அண்ணி பையிலிருந்து குழாயையும் மீட்டரையும் எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு காலி வாட்டர் பாட்டிலின் கழுத்துக்குள் குழாயைச் செருகிக் காற்றடித்துக் காட்டினாள்.

"இது விரலால பார்த்து அடிச்சது. அறுபது. இது மீட்டர் வெச்சு அடிச்சது. இருபத்தஞ்சு. இனிமே இப்படித்தான்."

அவர் குட்டி பலூனை அழுத்திப் பார்த்தார், திரும்பத் திரும்ப. "எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் சார் இருந்தது," என்றாள் அண்ணி. அவள் குரல் உடைந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

"கேரண்டி உண்டா?"

"இல்ல. பொய் சொல்ல மாட்டேன். குழாய் போட்டா லேசா உறுத்தறது ஒரு நாள் ரெண்டு நாள் இருந்தாலும் இருக்கும். ஆனா சின்னக் குழாயாப் போடச் சொல்றேன். கேமரா வெச்சுப் பார்த்து உரசாமப் போடச் சொல்றேன். கடைசிவரைக்கும் அந்த மீட்டரை விட்டு நான் நகர மாட்டேன். ஒண்ணுக்குக்கூடப் போக மாட்டேன்."

கமென்ட்ரி சார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜையில் சாய்ந்தார். அப்படியே சாய்ந்தபடி, "அடுத்த சனிக்கிழமை மேட்ச் இல்ல. அன்னைக்கு வெச்சுக்குங்க," என்றார்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஜுரம் வந்த மாதிரி ஒரு படபடப்பு. மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன்னால் அதிமதுரம் ஊறின தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவர் அதை விழுங்கிவிட்டால் எல்லாம் கெட்டது. அவர் மனைவி எதிரே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, "துப்புங்க. எண்ணிக்கிட்டு இருக்கேன், எல்லாத்தையும் துப்புங்க," என்று காவல் காத்தார்.

பிறகு தியேட்டர். எனக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் கதவின் கண்ணாடி வட்டத்தில் என் மூக்கு பத்து தடவையாவது ஒட்டியிருக்கும். இந்தத் தடவை ஒரு அளவு சின்னது, ஏழாம் நம்பர் குழாய். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே ஒரே வழுக்கலில் உள்ளே விட்டார். அண்ணி காற்றடித்தாள். முள் இருபத்தைந்து. அவள் பழக்க தோஷத்தில் குட்டி பலூனை விரலால் தொடப்போய், சூடு பட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பித்தப்பை ஆபரேஷனில் வயிற்றுக்குள் வாயு அடித்து உப்ப வைத்துத்தான் கருவிகளை நுழைப்பார்கள். வாயு ஏறி, படுக்கையையும் சாய்த்த பத்தாவது நிமிடத்தில் அண்ணி சடாரென்று குனிந்தாள். யாரும் காற்றே அடிக்கவில்லை, முள் தானாக நகர்ந்து முப்பத்தெட்டில் நின்றது! வயிறு உப்பியதில் நெஞ்சு இறுகி, பலூனும் உள்ளேயே இறுகிவிட்டது. விரலை நம்பியிருந்தால் அது யாருக்குத் தெரிந்திருக்கும்? அண்ணி சொட்டுச் சொட்டாகக் காற்றை இறக்கினாள். முப்பத்திரண்டு, இருபத்தெட்டு, இருபத்தைந்து. ஒழுகுகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள். அதற்குப் பிறகும் மூன்று தடவை திருத்தினாள். ஆபரேஷன் முடிந்து குழாயை எடுக்கும்போது, மெத்தென்ற உறிஞ்சுகுழாயால் எச்சிலை எடுத்து, பலூனை முழுக்கச் சுருக்கி, ஒரு இருமல்கூட வராமல் உருவினார்கள். அண்ணி வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பாத்ரூமுக்கு ஓடினாள்.

ரெக்கவரி அறையில் என் கையில்தான் அவர் கண் விழித்தார். "சார், ஆபரேஷன் முடிஞ்சது. பேசுங்க," என்றேன். உதடு அசைந்தது. வந்தது ஒரு சொரசொரப்பான முனகல், அவ்வளவுதான். வாய் வறண்டிருக்கும், மயக்கம் தெளியட்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அவரை வார்டுக்கு அனுப்பிவிட்டோம். அண்ணி அன்று தூங்கியிருக்க மாட்டாள், பக்கத்து அறையில் நான் தூங்காததால் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை இரண்டு பேரும் வார்டுக்கு ஓடினோம். கமென்ட்ரி சார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம், கையில் பேனா. பக்கத்தில் அவர் மனைவி, முகம் வெளுத்துப்போய்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரு வார்த்தை பேசல சிஸ்டர். வலிக்குதான்னு கேட்டா இல்லன்னு தலையாட்டறாரு. அப்ப பேசுங்கன்னா கையெடுத்துக் கும்பிடறாரு. தண்ணி வேணும்னாக்கூட எழுதித்தான் காட்டறாரு."

"தொண்டை எப்படி இருக்கு சார்?" என்றேன். அவர் நோட்டில் எழுதினார்: 'தெரியாது.'

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது வலி இல்லை, பயம். போன தடவை வாயைத் திறந்தபோது வெறும் காற்று வந்ததே, அதை இன்னொரு தடவை பார்க்க அவருக்குத் தெம்பில்லை. பேசாமல் இருக்கிறவரைக்கும் குரல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கலாம். அந்தப் பெரிய மனிதர் போர்வைக்குள்ளே சின்னப் பிள்ளை மாதிரி ஒடுங்கியிருந்தார்.

அண்ணி கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நான் அவள் முதுகில் கிள்ளினேன். இப்போது போய் இதைச் சொல்லலாமா? அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்குப் பலூன்ல காத்தடிச்சது நான்தான். அளந்து பாக்கல. விரலால அழுத்திப் பார்த்துட்டு சரின்னு எழுதினேன். உங்க தொண்டை அப்படி ஆனதுக்கு நான்தான் காரணமா இருக்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், நீங்க ஓடிடுவீங்களோன்னு சொல்லல. மன்னிச்சுடுங்க."

அவர் காது சிவந்தது, பிறகு கன்னம். நோட்டு மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.

"என்ன சொன்னே?"

வார்டின் அந்தக் கோடியில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"நீதானா அது! பதினோரு நாள் என்னை ஊமையா உட்கார வெச்சது நீதானா! கேளுங்க ரசிகர்களே! இதோ வர்றாங்க பலூன் அக்கா, கையில சிரிஞ்ச், எதிர்ல படுத்துக் கெடக்கறது ஒரு அப்பாவி, தடுக்க ஆளே இல்ல! அடிக்கறாங்க, இன்னும் அடிக்கறாங்க, அடிச்சுக்கிட்டே இருக்காங்க! நடுவர் எங்கய்யா? விசில் எங்கய்யா? இந்த அக்கிரமத்தைக் கேக்க இந்த மைதானத்துல ஒரு ஆம்பளை பொம்பளை கெடையாதா!"

மணி மாதிரி குரல்! ஒரு கீறல் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலில் நர்ஸுகள், துப்புரவு ஊழியர்கள், அடுத்த வார்டு ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். "பேசறாரு! பேசறாரு!" என்று அவர் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் தையல் பிரிந்துவிடப்போகிறதே என்று தலையணையை எடுத்து அவர் வயிற்றில் வைத்து, "இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் திட்டுங்க சார்," என்று கத்தினேன். அவர் கட்டிப் பிடித்துக்கொண்டு திட்டினார். அண்ணிக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, வாய் காதுவரைக்கும் சிரித்தது.

"இன்னும் சார், நிறுத்தாதீங்க! இன்னும் சத்தமா!"

பாதி வாக்கியத்தில் அவர் நின்றார். கை மெதுவாகத் தொண்டைக்குப் போனது. எச்சிலை விழுங்கிப் பார்த்தார். இன்னொரு தடவை விழுங்கினார். மனைவியைப் பார்த்தார்.

"வலிக்கலடி," என்றார், ரொம்ப மெதுவாக. அந்த அம்மாள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பிறகு அவர் அண்ணியின் பக்கம் விரலை நீட்டினார். "ரொம்ப சந்தோஷப்படாதம்மா. இது இடைவேளைதான். திட்டு இன்னும் பாதி பாக்கி இருக்கு."

அண்ணி புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்குப் பத்து மணிக்குத்தான் சார் டியூட்டி. ஆரம்பிங்க."